சேலைக் கடைக்கு ஏழு வருஷம்

எட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு சித்திரை மாதம், காலை பத்து மணி இருக்கும். கோவில்பட்டியில் எங்கள் வீட்டு வாசலில் ஒரு வாடகைக் கார் வந்து நின்றது. ஊரில் கோயில் கொடை வருகிறது, சேலை எடுக்கப் போகலாம் என்று என்னைக் கூப்பிட்டார்கள். நானும் தலை நிறையப் பிச்சிப்பூ வைத்துக்கொண்டு ஏறினேன். அந்தச் சேலைக் கடைக்கு நான் போய்ச் சேர்ந்தது போன வருஷம்தான். நடுவில் என்ன நடந்தது என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

நான் தையல்காரி. பிறந்தது விளாத்திகுளம் பக்கம், மிளகாயும் பருத்தியும் போடுகிற வீடு. கல்யாணத்துக்கு முன்னால் புதியம்புத்தூரில் சித்தி வீட்டில் தங்கித் தொழில் படித்தேன். கட்டிக்கொடுத்தது கோவில்பட்டியில். ஒரு மகள் இருக்கிறாள். இங்கே ஒரு ரெடிமேட் யூனிட்டில் பள்ளிக்கூட யூனிஃபார்ம் சட்டைக்குக் காலர் தைக்கிறேன். முழுச் சட்டையையும் ஒரே ஆள் தைக்கிற பழக்கம் அங்கே கிடையாது. ஒருத்தி காலர், ஒருத்தி கை, ஒருத்தி பட்டன் பட்டி. வெட்டின துணியைக் கட்டுக் கட்டாகத் தருவார்கள். ஒவ்வொரு கட்டிலும் ஒரு சீட்டை ஊக்கால் குத்தியிருப்பார்கள். என்ன அளவு, எத்தனை உருப்படி, எந்த நூல், எங்கே இரட்டைத் தையல் என்று எல்லாம் அதில் எழுதியிருக்கும். கட்டு யார் கைக்குப் போனாலும் சீட்டைப் பார்த்தே தைத்துவிடலாம். இந்தச் சீட்டைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

அந்த வருஷம் சீசன் நெருக்கடி. பள்ளிக்கூடம் திறப்பதற்குள் சரக்கு போயாக வேண்டும். எனக்கு முதலில் தூக்கம் போனது. அப்புறம் பசி போனது. அப்புறம் ஒரு நினைப்பு வந்தது. காலர் விறைப்பாக நிற்பதற்கு உள்ளே கேன்வாஸ் துணி வைத்துத் தைப்போம். அந்தக் கேன்வாஸில் யாரோ என்னைப் பற்றிக் கேவலமாக எழுதி, என் கையாலேயே உள்ளே வைத்துத் தைக்க வைக்கிறார்கள் என்று எனக்குப் பட்டது. இப்போது எழுதும்போது எனக்கே சிரிப்பு வருகிறது. அன்றைக்கு அது சத்தியம். தைத்து முடித்த காலரையெல்லாம் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தேன். ஒன்றிலும் ஒரு எழுத்தும் இல்லை. அதுவும் சந்தேகத்தைத்தான் கூட்டியது. நான் பார்ப்பேன் என்று தெரிந்து எடுத்துவிட்டார்கள்! முதலாளி நல்ல மனுஷர். ரெண்டு நாள் பொறுத்தார். மூன்றாம் நாள் என் வீட்டுக்காரருக்குப் போன் போட்டார்.

என் வீட்டுக்காரர் தீப்பெட்டி லோடு வேன் ஓட்டுகிறவர். எவ்வளவு லோடு ஏற்றினாலும் அசராத மனுஷன், என்னைப் பார்த்துப் பயந்துபோனார். என் அண்ணனை வரவழைத்தார். ரெண்டு பேரும் எனக்குத் தெரியாமல் ஒரு முடிவு எடுத்தார்கள். நானோ அவர்கள் தருகிற தண்ணீரைக்கூடக் குடிக்கிற நிலையில் இல்லை. யாரையும் நம்பவில்லை, ஒரே ஒருத்தரைத் தவிர. அது அண்ணனின் மனைவி, என் மதினி. அதனால் மதினியை முன்னால் விட்டார்கள்.

"ஏட்டி, கொடைக்குச் சேலை எடுக்கணும். நீ பாத்துச் சொன்னாத்தான் எனக்கு எடுக்கத் தெரியும். கிளம்பு" என்றார் மதினி. எனக்குத் தலை வாரிவிட்டு, பூவும் அவரே வைத்துவிட்டார்.

கார் கடைத்தெருப் பக்கம் திரும்பாமல் நேரே பைபாஸில் ஏறியது. "கடை அங்கனல்லா இருக்கு" என்றேன். "பெரிய ஊர்ல பெரிய கடைக்கே போவோம்" என்றான் அண்ணன். பக்கத்தில் மதினி இருந்ததால் நம்பினேன். ரெண்டு பக்கமும் கரிசல் வெடித்துக் கிடந்தது. மாம்பழக் கலரா, மயில் கழுத்துக் கலரா என்று மனசுக்குள் முடிவு பண்ணிக்கொண்டே போனேன். அத்தனை கலங்கின மனசிலும் சேலைக்கு ஒரு மூலை இருந்திருக்கிறது பாருங்கள்.

கார் நின்றது ஒரு மனநல ஆஸ்பத்திரி வாசலில். எந்த ஊர், எந்த ஆஸ்பத்திரி என்பதெல்லாம் வேண்டாம். ரெண்டு பேர் வந்து ஆளுக்கொரு கையைப் பிடித்தார்கள். எதுக்கு என்று கேட்டேன். ஊசி போட்டார்கள். "மதினீ" என்று கத்தினது மட்டும் நினைவிருக்கிறது. மதினி காருக்குள்ளேயே முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

விழித்துப் பார்த்தால் தலையில் பூ இல்லை, கையில் வளையல் இல்லை. என் சங்கிலியில் எப்போதும் ஏழெட்டு ஊக்கு கோத்திருக்கும், தையல்காரிக்கு அது கைகால் மாதிரி. அதுவும் இல்லை. கூர்மையான பொருள் வார்டுக்குள் கூடாதாம். சரி, நியாயம்தான். கேட்டால் நானே கழற்றித் தந்திருப்பேனே!

அங்கே இருந்தது இருபத்திரண்டு நாள். ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். மருந்து கேட்டது. பத்து நாளில் காலருக்குள் எழுத்து இல்லை என்று எனக்கே தெரிந்தது. யாரும் அடிக்கவில்லை, பட்டினி போடவில்லை. ஆனால் எனக்கு நேரே நின்றுகொண்டே, "பேஷன்ட் தூங்கினாங்களா?" என்று அண்ணனிடம்தான் கேட்பார்கள். என் வியாதிக்கு என்ன பெயர் என்று என்னிடம் ஒருத்தரும் சொல்லவில்லை. வீட்டுக்குக் கிளம்பும்போது ஃபைலும் அண்ணன் கைக்குத்தான் போனது. தைக்க வந்த துணியைப் பற்றி முதலாளியும் வியாபாரியும் பேசிக்கொள்வார்களே, அப்படித்தான் இருந்தது.

நாலாம் நாள் மதினி தனியாகப் பஸ் ஏறி என்னைப் பார்க்க வந்தார். கட்டில் ஓரத்தில் நின்றார், உட்காரவில்லை.

"நாந்தான் பொய் சொன்னேன். ஒன் நல்லதுக்குத்தான்னு அவிய எல்லாரும் சொன்னாவ. நல்லதோ கெட்டதோ, ஒன்னைய ஏமாத்துனது நாந்தான் தாயி."

நான் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டேன். அதற்கப்புறம் ரெண்டு வருஷம் மதினியோடு பேசவில்லை. அந்த வருஷக் கொடைக்கும் போகவில்லை, அடுத்த கொடைக்கும் போகவில்லை.

வீட்டுக்கு வந்ததும் இன்னொரு கூத்து. மாத்திரை சாப்பிட்டால் கை நடுங்கியது. காலர் முனையைத் திருப்பும்போது விரல் ஆடினால் முனை மொட்டையாகிவிடும். நான் தைத்த காலரின் முனை அப்படி நிற்கும் என்று எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. அந்தத் திமிரில் அடி விழுந்ததும் மாத்திரையைக் குப்பையில் போட்டேன். ஏன் போட்டாய் என்று யாரும் கேட்கவில்லை. வீட்டுக்காரர் மாத்திரையைப் பொடி பண்ணி ரசத்தில் கலந்துவிட்டார். நாலு நாள் சாப்பிட்டேன். ஐந்தாம் நாள் கரண்டியில் வெள்ளையாக ஒட்டியிருந்ததைப் பார்த்துவிட்டேன். அன்றிலிருந்து வீட்டில் கை நனைக்கவில்லை. பஸ் ஸ்டாண்டில் பன்னும் டீயும் வாங்கிச் சாப்பிட்டேன். வீட்டுக்காரர் கெட்டவர் இல்லை, பயந்தவர். ஆனால் பயந்தவர்கள் கலக்கிக் கொடுத்த சோற்றையும் நம்ப முடியாதுதானே? இன்னொரு முறை எனக்கு உடம்பு கெட்டால் யார் கூப்பிட்டாலும் எந்த வண்டியிலும் ஏறுவதில்லை, செத்தாலும் சரி என்று முடிவு பண்ணிக்கொண்டேன். உள்ளபடியே அப்படித்தான் நினைத்தேன்.

அந்த நேரத்தில்தான் யூனிட்டில் பட்டன் தைக்கிற அக்கா ஒருத்தர், தன் தம்பியை டாக்டரிடம் காட்டுகிற இடத்துக்கு என்னைக் கூப்பிட்டார். "புடிக்கலைன்னா எந்திரிச்சு வந்துருவோம்" என்றார். கோவில்பட்டியிலேயே, ஒரு மாடியில், மாதம் ரெண்டு நாள் ஒரு டாக்டரம்மா வருவார். நான் சம்மதித்துப் போனேன். வீட்டுக்காரரும் அண்ணனும் பின்னாலேயே வந்தார்கள்.

அங்கே பிளாஸ்டிக் நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். டாக்டரம்மாவும் அதில் ஒன்றில்தான் உட்கார்ந்தார். அண்ணன் வழக்கம்போல, "டாக்டர், தனியா ஒரு நிமிஷம்" என்று எழுந்தான். அவரும் எழுந்தார். உள் அறைக் கதவைத் திறந்தார். அண்ணன் உள்ளே போனதும் என்னைத் திரும்பிப் பார்த்து, "நீங்களும் வாங்கம்மா, உங்களைப் பத்தி ஏதோ சொல்லணுமாம்" என்றார். அண்ணன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! சொல்ல ஒன்றும் இல்லை என்று திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டான். அந்த இடத்தில் அதுதான் வழக்கம். நோயாளி இல்லாத இடத்தில் நோயாளியைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டார்கள்.

என் வியாதிக்கு ஒரு பெயர் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. மாத்திரையை ஏன் விட்டேன் என்று கேட்டார். கையை நீட்டிக் காட்டினேன். "இதை முதல்லயே யாராவது கேட்டிருக்கணும். வேற மாத்திரை இருக்கு, மாத்திப் பார்ப்போம். ஆனா எங்கிட்ட சொல்லாம நிறுத்தக் கூடாது, சரியா?" என்றார். சரி என்றேன். அவர் கேட்ட இன்னொரு கேள்விதான் முக்கியம். "மறுபடியும் உடம்பு சரியில்லாமப் போச்சுன்னா உங்களை எப்படி நடத்தணும்?"

அதை யாரும் என்னிடம் கேட்டதே இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. அப்போதுதான் அவர் சொன்னார், புத்தி தெளிவாக இருக்கும்போதே இப்படி இப்படிச் செய்ய வேண்டும், இன்னது செய்யக் கூடாது என்று நாமே எழுதி வைக்கலாமாம். நமக்காகப் பேச ஒரு ஆளையும் நாமே குறிக்கலாமாம். சட்டத்திலேயே இடம் இருக்கிறதாம். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டேன், "கட்டுல குத்துத சீட்டு மாதிரியா?" சீட்டு என்றால் என்ன என்று அவருக்கு விளக்கினேன். "ஆமா, அதேதான்" என்று சிரித்தார்.

உடனே எழுதத் துணிச்சல் வரவில்லை, ஒன்றரை வருஷம் போனது. அப்புறம் ரெண்டு மாதம் யோசித்து யோசித்து எழுதினேன். காலரைப் பிரித்துப் பார்க்க ஆரம்பித்தால் எனக்கு உடம்பு சரியில்லை என்று அர்த்தம், அன்றைக்கே டாக்டரம்மாவுக்குச் சொல்லவும். எங்கே கூட்டிப்போவதானாலும் உள்ளதைச் சொல்லவும், பொய் கூடாது. என்ன ஊசி என்று சொல்லிவிட்டுப் போடவும். கை நடுங்க வைத்த மாத்திரை வேண்டாம் (அதன் பெயரையும் எழுதினேன்). சோற்றில் எதையும் கலக்கக் கூடாது. மகளிடம் 'அம்மா ஊருக்குப் போயிருக்கா' என்று சொல்லக் கூடாது, ஆஸ்பத்திரியில் இருக்கிறாள் என்றே சொல்லவும். என் ஊக்குகளைத் தூக்கிப் போடக் கூடாது. டாக்டரம்மா அதை வரி வரியாக வாசித்துப் பார்த்தார். சாட்சிக் கையெழுத்து, அது இது என்று ஆக வேண்டியதை எல்லாம் செய்தோம்.

எனக்காகப் பேச யார் என்ற இடத்தில் மட்டும் ஒரு வாரம் பேனா நின்றது. வீட்டுக்காரர் பெயரைத்தான் எழுதுவேன் என்று எல்லாரும் நினைத்தார்கள், அவரும்தான். நான் மதினி பெயரை எழுதினேன். அந்த நாலு சுவருக்குள் வந்து, பொய் சொன்னது நான்தான் என்று ஒத்துக்கொண்ட ஒரே ஆள் அவர்தான். மற்ற எல்லாரும் இன்றுவரை 'உன் நல்லதுக்குத்தான்' என்றுதான் சொல்கிறார்கள்.

விளாத்திகுளம் பஸ்ஸில் ஏறி நானே போய்ச் சொன்னேன். மதினி தொழுவில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். ரெண்டு வருஷம் கழித்து முதல் பேச்சு இது.

"என்னையவா? ஏட்டி, என்னையவா எழுதிருக்க?" என்று வாளியைக் கீழே வைத்தார். அஞ்சாவது வரைதான் படித்தவர். அந்தச் சீட்டை எழுத்துக்கூட்டி வாசித்து, ஒரு மாதத்தில் மனப்பாடமே பண்ணிவிட்டார். போனில் பேசும்போதெல்லாம் கேலிக்கு ஒப்பிப்பார், நானும் தப்பு கண்டுபிடிப்பேன்.

அப்புறம் வருஷக்கணக்காக ஒன்றும் இல்லை. மாத்திரை சாப்பிட்டேன், கை நின்றது, காலர் முனையும் நின்றது. அந்தச் சீட்டைப் பீரோவுக்குள் வைத்தே மறந்துவிட்டோம்.

போன வருஷம் மாசி மாதம் மறுபடியும் தூக்கம் போனது. ஒரு வாரத்தில் நான் காலரைப் பிரித்தேன். நாற்பது காலர், ஒரே காலையில். முதலாளி வீட்டுக்காரருக்குப் போன் போட்டார். வீட்டுக்காரர் மதினிக்குப் போட்டார். பிறகு மதினி சொல்லித்தான் இது எனக்குத் தெரியும். பதறின பதற்றத்தில் வீட்டுக்காரர், "அக்கா, கல்யாண வீட்டுக்குப் போறோம்னு சொல்லி ஏத்திருவமா?" என்று கேட்டிருக்கிறார். "வாயை மூடுங்க. நான் வாரேன்" என்றாராம் மதினி.

களத்தில் வத்தல் காய்ந்துகொண்டிருந்த நேரம். அப்படியே போட்டுவிட்டு வந்திருந்தார். மிளகாய் நெடி சேலையில் இருந்தது, காலில் கரிசல் மண் காய்ந்து ஒட்டியிருந்தது. நான் அடுப்படி மூலையில் பிரித்த காலர்களை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எனக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார்.

"ஒனக்கு மேலுக்குச் சொகமில்ல. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போக வந்துருக்கேன். சேலைக் கடைக்கு இல்ல."

நான் கத்தினேன். வாயில் வரக்கூடாத வார்த்தையெல்லாம் வந்தது. நீயும் அவர்கள் ஆள்தான், போ வெளியே என்றேன். மதினியை 'நீ' என்று சொன்னது வாழ்க்கையில் அன்றைக்கு ஒரு நாள்தான். வீட்டுக்காரர் வாசலில் நின்று மதினிக்கு ஏதோ ஜாடை காட்டினார். மதினி அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

"நீ வரலைன்னாலும் பொய் சொல்ல மாட்டேன். இங்கனயே உக்காந்துருக்கேன்" என்றார். உட்கார்ந்திருந்தார். பதினோரு மணிக்கு வந்தவர், வெயில் சாய்ந்து மூன்று மணி வரைக்கும் அந்தத் தரையை விட்டு எழுந்திருக்கவில்லை. இன்னும் கொஞ்சம் முற்றினால் நான் என்ன ஆவேனோ என்ற பயம் அவருக்கு இருந்திருக்கும். ஒரு சின்னப் பொய் சொன்னால் வேலை முடிந்துவிடும் என்பதும் அவருக்குத் தெரியும்.

கடைசியில் நானே கேட்டேன். "ஊசி போடுவாங்களா?"

"போடலாம். ஒன்ட்ட சொல்லிட்டுத்தான் போடணும். சொல்லாமப் போட விடமாட்டேன்."

"கூட யாரு இருப்பா?"

"நாந்தான். வேற யாரு?"

"எத்தன நாளு?"

மதினி என் முகத்தை நேராகப் பார்த்தார். "தெரியாது தாயி" என்றார்.

அந்த வார்த்தையில் எனக்குள் ஏதோ ஒன்று இளகிவிட்டது. ஏமாற்ற வந்தவராக இருந்தால் 'ரெண்டே நாள்' என்று சொல்லியிருப்பார். 'சாயங்காலம் வந்துரலாம்' என்று சொல்லியிருப்பார். தெரியாது என்று சொல்லி யாரும் யாரையும் ஏமாற்ற மாட்டார்கள். அத்தனை குழப்பத்திலும் அது எனக்குப் புரிந்தது. எழுந்து முகம் கழுவினேன். மடியில் இருந்த காலர்களை மதினி பொறுக்கி ஒரு பையில் போட்டார். நான் என் கால்களாலேயே நடந்து போய் வேனில் ஏறினேன்.

டாக்டரம்மா சொல்லி வைத்திருந்த ஆஸ்பத்திரி அது. முதலில் பார்த்த சின்ன டாக்டர், சீட்டை வாங்கி ஒரு ஓரமாக வைத்தார். மதினி அதை எடுத்துத் திரும்ப அவர் முன்னால் வைத்தார். "வாசிங்க சார். வாசிச்சிட்டு ஆரம்பிங்க" என்றார். அவர் வாசித்தார். வாசித்த பிறகு என்னைப் பார்த்து என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, இது தூக்கத்துக்கான ஊசி, போடட்டுமா என்று கேட்டார். நான் கையை நீட்டினேன். கையைப் பிடிக்க யாரும் தேவைப்படவில்லை.

நர்ஸம்மா ஊக்கு என்றதும் நானே கழற்றினேன். எட்டு ஊக்கு. மதினி அதை வாங்கி ஒவ்வொன்றாகத் தன் சங்கிலியில் கோத்துக்கொண்டார். பதினோரு நாள் என் கட்டிலுக்குப் பக்கத்தில் பாய் விரித்துப் படுத்தார். எனக்கு மகளிடமிருந்து போன் வரும். "ஆஸ்பத்திரில இட்லி நல்லாருக்கா?" என்று கேட்பாள். முதல் தடவை அவளிடம் நான் ஊருக்குப் போயிருப்பதாகத்தான் சொல்லியிருந்தார்கள். அப்போது எட்டு வயசுப் பிள்ளை, தினமும் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கிறாள். இந்தத் தடவை அப்படி இல்லை.

முன்னால் இருபத்திரண்டு நாள் ஆனது இந்தத் தடவை பதினொன்றில் முடிந்தது. சீக்கிரமே போய்விட்டோம், அதனால்தான் என்றார் டாக்டரம்மா. கிளம்புகிற அன்றைக்கு ஃபைலை என் கையில் கொடுத்தார்கள். மதினி எட்டு ஊக்கையும் திரும்ப என் சங்கிலியில் கோத்துவிட்டு, ஒருமுறைக்கு ரெண்டுமுறை எண்ணிப் பார்த்தார். களத்தில் போட்ட வத்தல் என்ன ஆயிற்று என்று கேட்டேன். "ஒங்க அண்ணன் பெறக்கிருப்பாவ, சும்மாதான இருக்காவ" என்றார்.

பஸ்ஸில் வந்தோம். கோவில்பட்டியில் இறங்கியதும் நான் வீட்டுப் பக்கம் திரும்பினேன். மதினி என் கையைப் பிடித்து எதிர்ப்பக்கம் இழுத்தார்.

"எங்க போறோம் மதினி?"

"சேலைக் கடைக்கு."

ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை, நம்பினேன். கடைத்தெருவில் நடந்தபடியே ரெண்டு பேரும் சிரித்தோம், அப்புறம் ரெண்டு பேரும் அழுதோம். கடைக்காரர் என்ன நினைத்தாரோ, முதலில் தண்ணீர் கொடுத்துவிட்டுத்தான் சேலையைப் பிரித்தார். மயில் கழுத்துக் கலரில் எனக்கு ஒன்று, மாம்பழக் கலரில் அவருக்கு ஒன்று எடுத்தோம். அந்தச் சேலையோடுதான் கொடைக்குப் போனேன்.

இப்போதும் அந்தச் சீட்டு பீரோக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறது. மறுபடியும் வருமா என்று கேட்டால் எனக்குத் தெரியாது, டாக்டரம்மாவுக்கும் தெரியாது. உன்னைக் குணமாக்கியது எது என்று கேட்கிறவர்களிடம் மாத்திரைதான் என்று தயங்காமல் சொல்கிறேன். ஆனால் அந்த மாத்திரை வரைக்கும் என்னை என் காலாலேயே நடக்க வைத்தது, மதினி சொன்ன அந்த ஒரே ஒரு 'தெரியாது'தான்.